மூடுவதா, திறந்து விடுவதா, நாமே ஒன்று தொடங்குவதா? அலுவலகமும் சமூக வலைத்தளங்களும்

டீம் சுரத்தில்லாமல் கிடக்கிறது என்று தெரிந்ததும் நிர்வாகத்தின் கண் முதலில் போவது ஊழியர்களின் போன் மேல்தான். "எப்பப் பார்த்தாலும் ஃபேஸ்புக்லயே இருந்தா வேலை எப்படி ஓடும்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அதே மீட்டிங்கில் பத்து நிமிடம் கழித்து, "நமக்குன்னே ஒரு குரூப் வச்சு, நல்லா வேலை பார்க்கிறவங்களை அதுல பாராட்டினா ஒரு உற்சாகம் வரும்ல?" என்று இன்னொருவர் கேட்பார். ஒருவருக்கு நோயாகத் தெரிவதையே மற்றவர் மருந்தாக எழுதித் தருகிறார், அது அந்த அறையில் யாருக்கும் உறைக்காது.

நான் அந்த இரண்டு பேராகவும் இருந்திருக்கிறேன். முப்பது சொச்சம் பேர் கொண்ட வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஒன்றைச் சில வருடங்கள் பார்த்துக்கொண்டபோது, தளங்களை மூடிப் பார்த்தோம், திறந்து விட்டோம், வாட்ஸ்அப் குரூப் வைத்தோம், அப்புறம் அலுவலகத்துக்கென்றே ஓர் உள்தளம் வாங்கினோம், ஒரு கட்டத்தில் எல்லோரும் லிங்க்ட்இன்னில் கம்பெனியைப் பற்றிப் பதிவு போட வேண்டும் என்றுகூட மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஐந்தையும் அனுபவித்தவன் என்ற தைரியத்தில், இப்போது இதே முடிவை எடுக்க உட்கார்ந்திருப்பவருக்காக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சோர்ந்து போன ஆளைத் தட்டி எழுப்பும் சக்தி இந்த ஐந்தில் எதற்கும் கிடையாது. சில வழிகள் சோர்வைக் கூட்டும், சில வழிகள் நல்ல மேனேஜரின் கையில் நல்ல கருவியாக இருக்கும், அவ்வளவுதான்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகலாம். 1950-களின் கடைசியில் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் சகாக்களோடு சேர்ந்து சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் பேசினார். வேலையில் நீங்கள் ரொம்பச் சந்தோஷமாக இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள், வெறுத்துப் போன ஒரு நேரத்தையும் சொல்லுங்கள் என்று கேட்டார். ஒன்று இருந்தால் சந்தோஷம், அதுவே இல்லாவிட்டால் வெறுப்பு என்றுதானே பதில் வந்திருக்கும் என்று நினைப்போம்? அப்படி வரவில்லை. வெறுப்பேற்றியவை ஒரு ரகம்: கம்பெனி விதிகள், மேலதிகாரியின் கெடுபிடி, சம்பளம், வேலைச் சூழல். சந்தோஷம் தந்தவை வேறு ரகம்: ஒன்றைச் செய்து முடித்தது, அதை ஒருவர் கவனித்துச் சொன்னது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு கையில் வந்தது. முதல் ரகத்தைச் சரிசெய்தால் முணுமுணுப்பு அடங்கும், ஆனால் அதனால் மட்டும் ஆர்வம் பிறந்துவிடாது. இந்தக் கோட்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் நிறையவே கேள்வி கேட்டிருக்கிறார்கள், அது இருக்கட்டும். நம் முடிவுக்கு இந்தப் பிரிப்பு நன்றாகக் கைகொடுக்கும். தளங்களை மூடுவதும் திறப்பதும் முதல் ரகம். ஒருவர் செய்ததை நாலு பேர் அறியச் சொல்வதற்குத் தளத்தைப் பயன்படுத்துவது இரண்டாவது ரகம். முதல் ரகத்துக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டாவது ரகத்தின் பலனுக்காகக் காத்திருப்பதுதான் பல அலுவலகங்களில் நடக்கிறது.

சரி, மூடுவதிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதுதான் இருப்பதிலேயே சுலபம். ஐ.டி. பிரிவுக்கு ஒரு மெயில், ஃபயர்வாலில் ஒரு விதி, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். நாங்கள் மூடிய மூன்றாவது நாள் ஒன்றைக் கவனித்தேன். ஜெராக்ஸ் மெஷின் இருக்கும் மூலையில், ஜன்னலை ஒட்டி, எந்நேரமும் நாலு பேர் நின்றார்கள். ஆளுக்கொரு தாள் கையில். அந்த மூலையில்தான் மொபைல் சிக்னல் நன்றாக வரும் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. முன்பெல்லாம் சீட்டில் இருந்தபடியே இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர்கள், இப்போது எழுந்து, நடந்து, வரிசையில் நிற்பது போல நின்று, ஒரு தாளையும் வீணடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்தார்கள். அதில் ஒருத்தர் ஒரே தாளையே நாள் முழுக்க வைத்திருந்தார், சிக்கனக்காரர்.

நேரம் போனதைக்கூட விட்டுவிடலாம். கையெட்டும் தூரத்தில் இருப்பதைத் தொடாதே என்று சொல்லும்போது மனம் அதையே சுற்றி வரும், அதுதான் பெரிய செலவு. ஒரு சோதனையில் சிலரை ஒரு வேடிக்கை வீடியோவைப் பார்க்கவிட்டார்கள். வேறு சிலர் திரையிலும் அந்த வீடியோவுக்கான பொத்தான் இருந்தது, ஆனால் அழுத்தக்கூடாது, மற்றவர்கள் சிரிப்பது மட்டும் காதில் விழும். அப்புறம் எல்லோருக்கும் எண்ணிக் கணக்கெடுக்கும் ஒரு சாதாரண வேலை கொடுத்தார்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் அதிகத் தப்பு செய்தார்கள். அலுவலகத்தில் பூட்டு போட்டுவிட்டு, எல்லோர் பாக்கெட்டிலும் போன் இருக்கும் நிலையும் கிட்டத்தட்ட இதுதான்.

மூடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. இயந்திரத்தின் முன்னால் நிற்பவர், வண்டி ஓட்டுபவர், நோயாளியின் விவரமோ வாடிக்கையாளரின் கணக்கோ திரையில் திறந்திருக்கும் இடத்தில் வேலை செய்பவர் என்றால் போனையே லாக்கரில் வைக்கச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்த நியாயம் அவர்களுக்கும் புரியும். காரணம் பாதுகாப்பு என்றால் மூடுங்கள், காரணத்தைச் சொல்லி மூடுங்கள், மேனேஜருக்கும் சேர்த்து மூடுங்கள். எங்கள் இடத்தில் மேனேஜர்களுக்கு மட்டும் திறந்திருந்தது. அந்த விஷயம் வெளியே வந்த நாளில் கிளம்பிய கசப்பை அப்புறம் எந்தப் பாராட்டாலும் போக்க முடியவில்லை.

இரண்டாவது வழி, ஒன்றும் செய்யாமல் திறந்தே விட்டுவிடுவது. சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் ஐந்தில் இதற்குத்தான் கொஞ்சம் ஆய்வு ஆதரவும் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் கோக்கர் 2009-ல் 300 ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில், வேலைக்கு நடுவே இணையத்தில் அளவோடு பொழுதுபோக்கியவர்களின் உற்பத்தித்திறன், அப்படிச் செய்யாதவர்களைவிட 9 சதவீதம் கூடுதலாக இருந்தது. அளவு என்று அவர் சொன்னது மொத்த வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்கும் கீழே. அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கு இந்த நன்மை சேராது. இந்த 9 சதவீதத்தைப் பிரிண்ட் எடுத்து மேலதிகாரி மேசையில் வைத்துவிடாதீர்கள், இது 2009, அன்று நோட்டிஃபிகேஷன் என்ற பிசாசு இந்த அளவுக்கு வளரவில்லை.

அந்தப் பிசாசைப் பற்றிக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கிளோரியா மார்க் என்ற ஆய்வாளர் நீண்ட காலமாக அளந்திருக்கிறார். 2004-ல் ஒருவர் ஒரு திரையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவச் சராசரியாக இரண்டரை நிமிடம் ஆனது. பின்னால் வந்த ஆண்டுகளில் அது 47 விநாடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு ஒன்று: இந்தக் குறுக்கீடுகளில் கிட்டத்தட்ட பாதியை யாரும் வெளியிலிருந்து தருவதில்லை, வேலை செய்துகொண்டிருப்பவரே தனக்குத் தானே தந்துகொள்கிறார். மணியே அடிக்காத போனை எடுத்துப் பார்க்கிறோமே, அதுதான். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனால் மனசில் ஒரு பகுதி பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதியதும் இதனோடு சேரும்.

ஆக, ஒருவர் ஒரு வேலையை முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, ஐந்து நிமிடம் இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டு அடுத்ததற்கு வருவது ஓய்வு. அவர் பாதிக் கணக்கில் இருக்கும்போது போன் நடுங்கி, யாரோ மாமா மகனின் பிறந்தநாள் போட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போவது குறுக்கீடு. இரண்டும் அதே தளம், அதே ஐந்து நிமிடம். ஃபயர்வாலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அவரவருக்குத்தான் தெரியும். அதனால் திறந்து விடுவதாக முடிவெடுத்தால் கூடவே ஒரு வேலை பாக்கி இருக்கிறது, நோட்டிஃபிகேஷனை அணைத்து வைக்கும் பழக்கத்தை டீமில் கொண்டுவருவது. உத்தரவாகச் சொன்னால் எடுபடாது. மேனேஜரே தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் பாதிப் பேர் அப்படிச் செய்வார்கள், இதைக் கண்ணால் பார்த்தேன்.

திறந்து விட்டுவிட்டு ஒளிந்து நின்று பார்ப்பது என்று ஒரு உபாயம் உண்டு. யார் எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் என்று மென்பொருள் ரிப்போர்ட் தரும். ருமேனியாவில் ஓர் ஊழியர் அலுவலகக் கணக்கில் தன் வீட்டாரோடு பேசியதை நிறுவனம் பதிவு செய்து, 2007-ல் அவரை வேலையை விட்டு நீக்கியது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2017 செப்டம்பரில் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கண்காணிப்பே கூடாது என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொன்னார்களா, அதற்குத் தக்க காரணம் இருந்ததா என்பதை அந்நாட்டு நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்றது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் தன்னை ஒருவர் ஒளிந்திருந்து பார்க்கிறார் என்று தெரிந்த பின்பும் ஆசையாக வேலை செய்கிறவரை எந்த நாட்டிலும் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

இனி வாட்ஸ்அப் குரூப். யாரும் இதை ஒரு முடிவாகவே எடுப்பதில்லை, பாருங்கள். மற்ற நாலுக்கும் மீட்டிங், ஒப்புதல், கையெழுத்து எல்லாம் உண்டு. இது மட்டும் ஒரு மழை நாளில் "யாரெல்லாம் வர்றீங்க" என்று கேட்பதற்காக ஒருத்தர் தொடங்கி, அப்படியே நிரந்தரமாகிவிடும். வாங்கச் செலவில்லை, கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, எல்லோர் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஷிப்ட் மாற்றிக்கொள்ள, அவசரத்துக்கு ஆள் கேட்க இதைவிட வேகமான வழி கிடையாது. அதனால்தான் இது ஆபத்தும்கூட.

எங்கள் குரூப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு 10:40-க்கு எனக்கும் மேலே இருந்தவர் ஒரு செய்தி போட்டார்: "இந்த மாத எண்ணிக்கை பிரமாதம், எல்லோருக்கும் வாழ்த்துகள்." நல்ல எண்ணத்தில் போட்டதுதான், சந்தேகமே இல்லை. அடுத்த நிமிடத்தில் கட்டைவிரல்கள் முளைக்க ஆரம்பித்தன. ஒன்று, நாலு, பதினொன்று. கை கூப்புவது, பூங்கொத்து, ராக்கெட். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து விரல் வைத்தார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 11 மணிக்குள் முப்பதைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலை, விரல் வைக்காத ஒருவரிடம் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன, சார் மெசேஜ் பார்க்கலையா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அன்று சாயங்காலம் அந்த மனிதர் குரூப்பில் ஒரு பூங்கொத்து போட்டார், பதினேழு மணி நேரம் தாமதமாக. பாராட்டாகக் கிளம்பிய செய்தி ஒரே இரவில் வருகைப் பதிவேடாக மாறிவிட்டது.

இதில் யார் மேலும் தப்பில்லை, அந்தக் கருவியின் அமைப்பு அப்படி. வாட்ஸ்அப்பில் 2014 நவம்பரில் நீல டிக் வந்ததிலிருந்து, பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதே ஒரு பதிலாகிவிட்டது. குரூப்பில் யார் யார் படித்தார்கள் என்று அனுப்பியவர் தட்டிப் பார்க்கலாம். நண்பர்களுக்குள் இது வெறும் சிணுங்கல். சம்பளம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே அது வேறு மாதிரி கனக்கும். வீட்டுக்குப் போன பிறகு வேலை கூப்பிட்டால் எடுக்க வேண்டியதில்லை என்று பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில், நேரம் முடிந்த பின் வரும் அழைப்பையும் செய்தியையும் நியாயமான சூழ்நிலையில் கவனிக்காமல் விடும் உரிமை வந்தது, சிறு நிறுவனங்களுக்கு ஒரு வருடம் கழித்து. ஊக்கம் தருவதற்காகத் தொடங்கிய குரூப்பிலிருந்து ஆட்களைக் காப்பாற்றச் சட்டம் தேவைப்படுகிறது, யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, குரூப்பில் பாராட்டுகிற அதே கை அங்கேயே திட்டவும் செய்யும். நேரில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதை, கோபத்தில், எல்லோர் முன்பும் ஒரு வரியில் தட்டிவிடுவது ரொம்பச் சுலபம். பதினைந்து பேர் பாராட்டப்பட்டதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, ஒருவர் திட்டு வாங்கியதை எல்லோரும் வைத்திருந்தார்கள்.

என் தீர்ப்பு: குரூப் இருக்கட்டும், அவசரத்துக்கும் ஷிப்டுக்கும் மட்டும். பாராட்டு, எண்ணிக்கை, அறிவுரை, குட் மார்னிங் எதுவும் அங்கே வேண்டாம். நட்புக்கு ஒரு குரூப் வேண்டுமென்றால் அதை ஊழியர்களே தொடங்கட்டும், மேனேஜர் அதில் இல்லாமல் இருப்பதுதான் மரியாதை. அவரைப் பற்றிப் புலம்பவும் ஓர் இடம் வேண்டுமே.

நாலாவது, உள்தளம். வெளியில் இருக்கும் சமூக வலைத்தளம் மாதிரியே, ஆனால் அலுவலகத்துக்கு உள்ளே மட்டும். 2008-ல் வந்த யாம்மர் இதற்கு ஒரு முன்னோடி, 2012-ல் 120 கோடி டாலருக்கு அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இப்போது வீவா எங்கேஜ் என்ற பெயரில் ஓடுகிறது. ஃபேஸ்புக்கே 2016-ல் வொர்க்பிளேஸ் என்று ஒன்றை விற்க ஆரம்பித்து, 2024 மே மாதம் அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. எத்தனையோ அலுவலகங்களின் பல வருடப் பேச்சு, போட்டோ, வாழ்த்து எல்லாம் அதற்குள் இருந்தது. உள்தளம் வாங்குகிறவர் விற்பனைப் பிரதிநிதியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நாளைக்கு நீங்கள் மூடினால் எங்கள் சரக்கை எந்த வடிவத்தில் திருப்பித் தருவீர்கள்?" என்பதுதான். நான் கேட்கவில்லை.

உள்தளத்தின் நல்ல பக்கம், வேலை ஒரு கட்டடத்தில் நின்றுவிடுகிறது, சொந்த வாழ்க்கை தனியே இருக்கிறது. செய்திகள் நாளைக்கும் தேடினால் கிடைக்கும். இரவுப் பணிக்கு வருபவரும் பகலில் நடந்ததைப் படிக்கலாம். கெட்ட பக்கம், முதல் மாதம் திருவிழா, மூன்றாவது மாதம் கல்யாணம் முடிந்த மண்டபம். ஹெச்.ஆர். மட்டும் தினமும் ஒரு பொன்மொழி ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஹெச்.ஆரே லைக் போட்டுக்கொள்ளும்.

மண்டபத்தை நிரப்பக் கையாளப்படும் வழிதான் பாயின்ட், பேட்ஜ், தரவரிசைப் பலகை. சக ஊழியருக்கு நன்றி சொன்னால் ஐந்து பாயின்ட், நன்றி வாங்கினால் பத்து. எங்கள் இடத்தில் இரண்டே வாரத்தில் இரண்டு பேர் கூட்டணி போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் தினமும் காலையில் நன்றி சொல்லி முதல் இரண்டு இடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் புத்திசாலிகள், அமைப்பு எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார்கள். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-ல் இதற்கு அடிப்படையான விஷயத்தைக் காட்டிவிட்டார். மாணவர்களுக்கு சோமா க்யூப் என்ற புதிரைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் விடுவித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்தார். காசு வாங்கியவர்கள், காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதே ஆய்வு வரிசையில், காசுக்குப் பதிலாக வாயால் பாராட்டியபோது ஆர்வம் அப்படிக் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பாயின்ட் கொடுப்பதா, வார்த்தை கொடுப்பதா என்று ஒரு மென்பொருள் கேட்டால் ஐம்பது வருடத்துக்கு முன்பே பதில் இருக்கிறது.

ஆனால் எந்த வார்த்தை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சூப்பர் டீம், இப்படியே கலக்குங்க!" என்று ஒரு பதிவு. அதன் கீழே இன்னொன்று: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பில்லில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டதாக ஒரு பெரியவர் அழைத்தார். மற்ற துறைகளில் ஆளே இல்லாத நேரம். அவரை லைனில் வைத்துக்கொண்டே கணக்குப் பிரிவில் ஒருவரை வீட்டிலிருந்து பிடித்து, நாற்பது நிமிடத்தில் பணம் திரும்ப வழி செய்தது நம் புது ஆள். மூன்று வாரம்தான் ஆகிறது வந்து." முதல் பதிவுக்கு 28 லைக், இரண்டாவதற்கு 9. லைக்கை வைத்துப் பார்த்தால் முதல் பதிவுதான் வெற்றி. ஆனால் இரண்டாவது வந்த மறுநாள், கணக்குப் பிரிவுக்கு ராத்திரியில் எப்படி ஆள் பிடிப்பது என்று மூன்று பேர் புதிதாக வந்த அந்தப் பெண்ணின் சீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். அவளும் நோட்டில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கு எந்த டாஷ்போர்டிலும் வராது.

உள்தளத்துக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டென்றால் அது நம் வேலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டுவது. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது. பல்கலைக்கழகத்துக்காக போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், நாள் முழுக்க மறுப்பையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் ஒரு பிரிவை, அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரோடு ஐந்தே நிமிடம் பேச விட்டார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பிரிவினர் வாரத்தில் போனில் செலவழித்த நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய பணம் 171 சதவீதம். போட்டியும் பரிசும் இல்லாமல் நடந்தது அது. நாங்கள் இதைப் படித்துவிட்டு, வாடிக்கையாளர்கள் எழுதும் நன்றிக் கடிதங்களைப் பெயர் நீக்கி அப்படியே உள்தளத்தில் ஒட்ட ஆரம்பித்தோம். எழுத்துப் பிழையோடு, திருத்தாமல். எங்கள் எண்ணிக்கை அந்த அளவுக்கெல்லாம் ஏறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லி யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது, லிங்க்ட்இன் போன்ற வெளித்தளங்களில் ஊழியரைக் கொண்டாடுவது, ஊழியரைக் கொண்டு கம்பெனியைக் கொண்டாட வைப்பது. முதலாவது நல்லது, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுச் செய்தால். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு ஊரறியப் பாராட்டு தண்டனை மாதிரி. இரண்டாவதைக் கட்டாயமாக்கினால் கொடுமை. ஒரே வாசகத்தை நாற்பது பேர் நகலெடுத்து "பெருமைப்படுகிறேன்" என்று போட்ட பக்கத்தைப் பார்த்தால், பெருமைப்படுகிறவர் ஒருவரும் இல்லை என்பது வெளியாளுக்கும் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் நிர்வாகம் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு: லிங்க்ட்இன்னை ஊக்குவித்தால் ஆட்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்களே. போவார்கள்தான். நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் பலருக்கு வேலை விவரம் வந்து சேர்கிறது என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதிவிட்டார், லிங்க்ட்இன் வந்தது 2003-ல். தளம் இல்லாத காலத்திலும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கதவைச் சாத்தி வைப்பதால் தங்குகிறவர் உடம்பால்தான் தங்குகிறார்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பத்துப் பதினைந்து பேர், ஒரே அறை என்றால் உள்தளம் வாங்காதீர்கள், வீண். தளங்களைத் திறந்தே விடுங்கள், பாராட்ட வேண்டியதை எழுந்து போய் நேரில் சொல்லுங்கள். ஆட்கள் பல ஊரில், பல ஷிப்டில் சிதறி இருந்தால் உள்தளம் பயன்படும், ஆனால் பாயின்ட், பலகை எல்லாவற்றையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள், வாரம் ஒரு விவரமான பதிவாவது மேனேஜர் தன் கையால் எழுத முடியுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் காசு கட்டுங்கள். முடியாது என்றால் மண்டபம் காலியாகத்தான் இருக்கும். கணினியே இல்லாமல் நின்றுகொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஐந்துமே தூரம்தான், அவர்களுக்கு உணவு இடைவேளை இருக்கும் அறையில் ஓர் அறிவிப்புப் பலகை இவை எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்யும். அதில் ஒட்டும் கடிதங்கள் உண்மையானவையாக இருந்தால் போதும். மூடுவது பாதுகாப்புக்கு மட்டும். வாட்ஸ்அப் அவசரத்துக்கு மட்டும். லிங்க்ட்இன் அவரவர் இஷ்டம்.

இதில் எதையாவது செய்வதற்கு முன்னால், ஆட்கள் ஏன் சோர்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். நாங்கள் தளங்களை மூடிய அந்த மாதத்தில் டீம் சோர்ந்திருந்ததற்குக் காரணம், இரண்டு பேர் விலகிப்போய் நாலு மாதமாகியும் அந்த இடம் நிரப்பப்படாமல், மீதிப் பேர் அந்தச் சுமையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. ஃபேஸ்புக் அவர்கள் மூச்சு விடப் போன இடம். இது எனக்கு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றபோது, அந்தச் சிக்கனக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த உள்தளத்துக்கான ஒப்பந்தத்தை நிறுவனம் பிறகு புதுப்பிக்கவில்லை. மூடுவதற்கு முந்தைய வாரம், எதையெல்லாம் நகலெடுத்து வைக்க வேண்டும் என்று ஐ.டி. பிரிவு எல்லோரிடமும் கேட்டது. பேட்ஜையோ பாயின்ட்டையோ ஒருவரும் கேட்கவில்லை. பிரிவை விட்டு வேறு வேலைக்குப் போய் ஒரு வருடமான அந்தப் பெண், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, எனக்குச் செய்தி அனுப்பினாள்: "சார், அந்தச் செவ்வாய்க்கிழமை போஸ்ட் மட்டும் கிடைக்குமா?" தேடி எடுத்து அனுப்பினேன். கீழே இருந்த ஒன்பது லைக்கோடு.